முதலில் தடுப்பு, பிறகு லாச்சி

மெல்பேர்ணிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்களில், ஓய்வு பெற்றதும் பெரிய ஃபோர் வீல் ட்றைவ் வாகனம் ஒன்றை வாங்கிக்கொண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகமாகி வருகிறார்கள். நல்ல விஷயம். முப்பது வருடமாக வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் ரியூசன், கோயில், கலியாணவீடு என்று ஓடினோம். அவுஸ்திரேலியா என்று நாம் கண்டதெல்லாம் வீட்டுக்கும் கந்தோருக்கும் இடையில் உள்ள பாதைதான். இனியாவது ஃபிளின்டர்ஸ் மலைத்தொடரைப் பார்ப்போம், ஊட்னடாட்டா பாதையில் போவோம், முடிந்தால் கிம்பர்லிக்கும் ஒருதரம் போய் வருவோம் என்று ஆசைப்படுவதில் பிழை இல்லை.

வாகனம் வாங்கிய அடுத்த மாதமே அதன் பின்பக்கத்துக்கு லாச்சி போடும் எண்ணம் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் இழுப்பறை என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் லாச்சி என்போம். கந்தோரைப் போல இதுவும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். பிறாடோவின் பின்கதவைத் திறந்தால் இரண்டு நீண்ட லாச்சிகள். ஒன்றை இழுத்தால் சமையல் சாமான், மற்றதை இழுத்தால் ஆயுதப் பெட்டியும் கயிறும். மேலே ஒரு பிறிட்ஜ், அது வழுக்கி வெளியே வர ஒரு தட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. போட்டவர் அதை ஒவ்வொருவருக்கும் இழுத்து இழுத்துக் காட்டுவார்.

நான் லாச்சிக்கு எதிரானவன் அல்ல. ஆனால் நம்மவர்களில் பெரும்பாலானோர் லாச்சி போடுகிறார்கள், கார்கோ பரியர் போடுவதில்லை. பொருட்கள் இருக்கும் பகுதிக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவில், தரையிலிருந்து கூரைவரை நிற்கும் இரும்புக் கம்பி வலைதான் கார்கோ பரியர். தமிழில் தடுப்பு வலை என்று சொல்லலாம். லாச்சிக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவழிக்கிறவர், அதில் பாதிகூட ஆகாத இந்த வலையை "தேவையில்லை" என்று தள்ளிவிடுகிறார். இது தலைகீழான கணக்கு என்பதுதான் என் கருத்து. லாச்சி நம் வசதிக்கு. வலை முன்னால் இருக்கிறவர்களின் உயிருக்கு. அதைவிட முக்கியமாக, லாச்சி போட்ட வாகனத்துக்கு வலை முன்னையைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஏழாம் வகுப்புக் கணக்குத்தான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு பொருளுக்கு உள்ள சக்தி, அதே பொருள் ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து நிலத்தைத் தொடும்போது இருக்கும் சக்திக்குச் சமம். பத்து மீற்றர் என்றால் ஓரளவு வளர்ந்த தென்னை. ஊரில் காய்த்த தென்னையின் கீழ் யாராவது கதிரை போட்டு இருப்பார்களா? ஒன்றரைக் கிலோத் தேங்காய்க்கே அந்தப் பயம். வாகனத்தின் பின்னால் இருக்கும் பிறிட்ஜ், உள்ளே சாமானோடு 35 கிலோ. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு. 100 கிலோமீற்றர் வேகம் என்றால் 40 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் யாழ்ப்பாணத்தில் பனையே இல்லை.

வாகனம் எதிலாவது மோதினால் அதன் முன்பக்கம் நசுங்கி அதை நிறுத்துகிறது. ஆசனப்பட்டி போட்டவர் அதனோடு சேர்ந்து நிற்கிறார். கட்டாத பொருளுக்கோ வாகனம் நின்றது தெரியாது. அது பழைய வேகத்திலேயே முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கும், எதிலாவது முட்டும்வரை. ஆசனத்தின் முதுகில் முட்டலாம், அதற்கு மேலாகப் பறந்து ஒருவரின் பிடரியில் முட்டலாம்.

விக்டோரியா மாநிலம் 1970ஆம் ஆண்டிலேயே ஆசனப்பட்டியைக் கட்டாயமாக்கியது. உலகத்துக்கே அதுதான் முன்மாதிரி. ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்று நம் வீட்டு மூன்று வயதுப் பேத்தி, பட்டி போடாமல் காரை எடுத்தால் "தாத்தா, பெல்ட்" என்று சத்தம் போடுகிறாள். ஆட்களைக் கட்டுவதில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், அதே வாகனத்தில் அவள் தலைக்குப் பின்னால் இருக்கும் 20 லீற்றர் தண்ணீர்க் கானைக் கட்டாமல் வைத்துக்கொண்டு போகிறோம்.

இப்போது லாச்சிக்கு வருவோம். "அண்ணை, எல்லாச் சாமானும் லாச்சிக்குள்ளை பூட்டிக் கிடக்கு. பிறகேன் வலை?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல லாச்சி, சரியாகப் பூட்டப்பட்டு, வாகனத்தின் சட்டத்தோடு சரியான போல்ட்களால் இணைக்கப்பட்டிருந்தால், உள்ளே இருப்பவை உள்ளேயே இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் லாச்சி எதைச் செய்கிறது என்று பாருங்கள். அது வாகனத்தின் தரையை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயர்த்துகிறது. முன்பு தரையில் வைத்த பிறிட்ஜ், ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால் மறைந்து இருந்தது. அந்த முதுகு ஓரளவுக்காவது ஒரு மறைப்பு. இப்போது அதே பிறிட்ஜ் லாச்சியின் மேல் ஏறி நிற்கிறது. அதன் மூடி பின்னாசனத்தில் இருப்பவரின் தோளுக்கும் தலைக்கும் நேரே வந்துவிட்டது. பிறிட்ஜுக்குப் பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் உடுப்புப் பை, படுக்கை, மடக்குக் கதிரை, ஒரு பெட்டி மாம்பழம் என்று கூரைவரை அடுக்குகிறோம். லாச்சிக்குள் போகாதவை எல்லாம் லாச்சிக்கு மேல். அவை முன்னுக்கு வந்தால் மறிக்க எதுவும் இல்லை. ஆகவே லாச்சி போட்டபின் வலை தேவையில்லை என்பது தவறு. லாச்சி போட்டதால்தான் வலை கட்டாயம்.

நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஃபிளின்டர்ஸ் பக்கம் போனார். ஹோக்கரிலிருந்து வடக்கே போகும் பாதையில் நாலைந்து ஈமுக்கள் திடீரென்று குறுக்கே ஓடின. ஈமு ஒன்று கடந்துவிட்டது என்று நினைக்கும்போது மற்றது வரும். அவர் பிறேக்கை முழுதாக அழுத்தினார். மோதல் இல்லை, வாகனத்தில் ஒரு கீறல்கூட இல்லை. லாச்சிகளும் அசையவில்லை. ஆனால் லாச்சியின் மேல் இருந்த புட்டுப்பானையும் திருவலையும் பின்னாசனத்தைத் தாண்டி முன்னுக்கு வந்து, முன்னாசனத்தில் இருந்த மனைவியின் தலையணைக் கட்டையில் அடித்து விழுந்தன. திருவலையின் பல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது வெறும் பிறேக் மட்டும்தான். மோதலாக இருந்திருந்தால் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. அடுத்த மாதமே வலை போட்டுவிட்டார்.

இது புதிய அறிவும் அல்ல. அறுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் புகையிலைச் சிப்பமும் ஏற்றிக்கொண்டு போன லொறிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாரதியின் பெட்டிக்குப் பின்னால் தடித்த பலகையில் ஒரு மறைப்பு நிற்கும். சுமை ஏற்றுகிறவர்கள் பாரமானதை அடியில், அந்தப் பலகையோடு ஒட்டி அடுக்குவார்கள். பாரமற்றதை மேலே போட்டுக் கயிற்றால் இறுக்குவார்கள். அவர்கள் யாரும் பௌதீகவியல் படித்தவர்கள் அல்ல. சுமை முன்னுக்கு வந்தால் முதலில் சாவது சாரதியும் கிளீனரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் படித்தவர்கள், லட்சம் டொலர் வாகனத்தில் அந்தப் பலகையை விட்டுவிட்டுப் போகிறோம்.

இங்கே சட்டமும் இதைச் சொல்கிறது. தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு வெளியிட்ட சுமை கட்டும் வழிகாட்டியில் ஓர் எளிய விதி உண்டு. சுமையைக் கட்டும் முறை, முன்பக்கமாகச் சுமையின் எடையில் 80 சதவீத விசையைத் தாங்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் 50 சதவீதம், மேல்நோக்கி 20 சதவீதம். பெரிய லொறிகளுக்கு மட்டும் அல்ல, நம் வாகனங்களைப் போன்ற சிறியவற்றுக்கும் இதுதான் அளவு. 35 கிலோ பிறிட்ஜ் என்றால் அதன் பட்டிகள் முன்பக்கமாக 28 கிலோ விசையைத் தாங்கினால் போதும்.

ஆனால் கவனியுங்கள், அது கடும் பிறேக்குக்கும் திருப்பத்துக்கும் உரிய அளவு. மோதலுக்கு அல்ல. மேலே சொன்ன தென்னைக் கணக்கை இங்கே போடலாம். 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்த வாகனம் அரை மீற்றர் தூரத்துக்குள் நசுங்கி நின்றால், விழும் உயரமான 10 மீற்றரை அரையால் பிரியுங்கள். 20 வருகிறது. ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் 20 மடங்கு விசையோடு முன்னுக்கு இழுக்கும். பிறிட்ஜுக்கு அது 700 கிலோ. லாச்சியும் உள்ளே உள்ள சாமானும் சேர்ந்து 120 கிலோ என்றால் 2,400 கிலோ. இதனால்தான் லாச்சியை எதில் பூட்டுகிறோம் என்பது பெரிய கேள்வி. மெல்லிய தரைத் தகட்டில் நான்கு ஸ்குறூவைத் திருகிவிட்டால் அது பூட்டியதாகாது. வாகனத்தோடு வந்த ஆசனப் போல்ட் துளைகளிலோ, அதற்கென்றே உள்ள கொளுவிகளிலோ, தகட்டின் அடியில் அகலமான இரும்புத் தட்டு வைத்தோ பூட்ட வேண்டும். எங்கே, எத்தனை போல்ட், எந்த அளவு என்று பூட்டுகிறவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் வலையைப் பற்றி விசாரித்தேன். "லாச்சியே ஒரு தடுப்புத்தானே, இன்னொன்று எதற்கு?" என்று சிரித்தார் விற்பனையாளர். லாச்சியில் லாபம் அதிகமோ என்னவோ. தாளைப் புரட்டி ஒரு பிறிட்ஜ் தட்டையும் சேர்த்துவிடப் பார்த்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதை எல்லாக் கடைக்கும் பொதுவாகச் சொல்லவில்லை. வலைதான் முதலில் என்று சொல்லும் நல்லவர்களையும் கண்டிருக்கிறேன்.

வலை வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒன்று, ஏ.எஸ். 4034 என்ற தர நியமத்துக்கு அமையச் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து, வாகனத்தில் இருப்பவர்களைச் சுமையிலிருந்து காக்கும் தடுப்புகளுக்கென்றே வகுத்த நியமம் அது. நாயை மறிக்க விற்கும் மெல்லிய வலையும் இதுவும் ஒன்றல்ல. இரண்டு, உங்கள் வாகனத்தின் அதே வகைக்கும் அதே வருடத்துக்கும் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பக்கத்துக் கண்ணாடிக்கு மேலே காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வலையின் சட்டம் அவற்றை மறிக்கக் கூடாது.

மூன்றாவது, பேரப்பிள்ளைகளைப் பற்றியது. இந்த நாட்டில் குழந்தை ஆசனத்துக்கு மேல்பட்டி ஒன்று பின்னால் கொளுவப்பட வேண்டும். அந்தக் கொளுவி சில வாகனங்களில் ஆசனத்தின் முதுகில் இருக்கும், சிலவற்றில் பின்தரையில் இருக்கும். லாச்சி போடும்போது தரையில் உள்ள கொளுவி மறைந்துபோனால் அந்த ஆசனத்தில் குழந்தையை வைக்க முடியாது. வலை போடும்போதும் பட்டி அதன் ஊடாக நேராகப் போக வழி வேண்டும். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால், குழந்தை ஆசனத்தைக் கடைக்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும். மூன்றாம் வரிசை ஆசனத்தைக் கழற்றிவிட்டு லாச்சி போடுகிறவர்கள், அதற்கு மாநிலப் பதிவு அலுவலகத்தின் விதி என்ன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் பார்ப்போம். கிலுகிலு என்று சத்தம் போடும் என்கிறார்கள். சரியாக இறுக்கி, தொடும் இடங்களில் றப்பர் வைத்தால் போடாது. பின்கண்ணாடியில் பார்வை மறையும் என்கிறார்கள். வலையின் ஊடாகப் பார்க்கலாம், கூரைவரை அடுக்கிய பைகளின் ஊடாகத்தான் பார்க்க முடியாது. வாகனத்துக்குள்ளேயே படுக்க முடியாது என்பது மட்டும் உண்மையான குறை. அப்படிப் படுக்கிறவர்களுக்கு, முன்னாசனத்துக்குப் பின்னாலும் மாற்றிப் பூட்டக்கூடிய வலைகள் பல வாகனங்களுக்குக் கிடைக்கின்றன. யூட் வகை வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே சுமைப் பெட்டி தனி, ஆட்கள் இருக்கும் இடம் தனி.

இனி எடை. ஓய்வுபெற்றவர்களின் பயணத்தைக் கெடுக்கும் அடுத்த விஷயம் இதுதான், லாச்சி இதற்கும் ஒரு காரணம். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஜி.வி.எம். என்று ஓர் எல்லை உண்டு. வாகனம், ஆட்கள், எண்ணெய், சாமான் எல்லாம் சேர்த்து அதற்கு மேல் போகக் கூடாது. நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் பிறாடோ 150 வகைக்கு அது 2,990 கிலோ. வெறும் வாகனத்தின் எடையைக் கழித்தால், ஜி.எக்ஸ்.எல். வகையில் நாம் ஏற்றக்கூடியது 600 சொச்சம் கிலோதான்.

அறுநூறு கிலோ நிறைய என்று தோன்றும். எழுதிப் பாருங்கள். நான்கு பேர், 300 கிலோ. முன்னால் புல் பார், 60. லாச்சி, காலியாக, 80. பிறிட்ஜ் சாமானோடு, 40. இரண்டாவது பற்றரி, 30. தண்ணீர் 60 லீற்றர், 60 கிலோ. கூரைத் தட்டும் பக்கக் கூடாரமும், 45. ஆயுதங்களும் பழுதுபார்க்கும் சாமானும், 30. உணவும் உடுப்பும், 60. கூட்டினால் 705. இன்னும் கதிரை, மேசை, அடுப்பு எழுதவில்லை. எல்லை தாண்டிவிட்டது. "நாங்கள் இரண்டு பேர்தானே" என்பீர்கள். இரண்டு பேர் என்றால் 555. ஆனால் பின்னால் 2,000 கிலோ கரவன் இழுத்தால், அதன் கொளுவி வாகனத்தின் மேல் அழுத்தும் எடை பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு, 200 கிலோ. அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். மறுபடியும் எல்லை தாண்டியாயிற்று.

இன்னொரு பொறியும் உண்டு. சில தாள்களில் ரெயார் எடை என்று குறித்திருப்பார்கள். அது தாங்கியில் 10 லீற்றர் எண்ணெய் மட்டும் உள்ளபோது எடுத்த எடை. பிறாடோ 150 டீசல் தாங்கிகள் 150 லீற்றர் கொள்ளும். மிச்சம் 140 லீற்றரின் எடை 115 கிலோவுக்கு மேல். அதைக் கழிக்க மறந்தவர்கள் பலர்.

எடை கூடினால் பிறேக் பிடிக்கும் தூரம் கூடும், ரயர் சூடாகும், பின்வில்லு தாழும், வாகனத்தின் மூக்கு உயரும். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் எடையைத்தான் கேட்பார். வில்லைத் தடிப்பாக்கிச் சட்டப்படி எல்லையைக் கூட்டும் முறை உண்டு. அதற்கு அனுமதிப் பத்திரமும் பெரிய காசும் வேண்டும். அதற்கு முன், ஏற்றுவதைக் குறைக்கலாமே என்று ஏன் யோசிக்கக் கூடாது?

இங்கேதான் லாச்சியின் குணம் வெளிப்படுகிறது. காலியான லாச்சியை நான் இன்றுவரை கண்டதில்லை. வீட்டில் மேசை லாச்சி எப்படி, அப்படித்தான் வாகன லாச்சியும். பழைய சாவி, தேயாத ரோர்ச், என்றோ தேவைப்படும் என்ற கம்பி எல்லாம் அதற்குள் போய்விடும். கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு எடையில்லை என்று நினைத்துவிடுகிறோம். வருடத்துக்கு ஒருதரமாவது இரண்டு லாச்சியையும் முற்றத்தில் கவிழ்த்து, போன பயணத்தில் தொடாத சாமானை எல்லாம் வெளியே வைக்க வேண்டும். நண்பர் ஒருவர் இப்படிச் செய்து ஏறத்தாழ 40 கிலோவைக் குறைத்தார். அதில் ஓர் இரும்புச் சட்டி மட்டுமே ஏழு கிலோ.

லாச்சியின் நன்மையையும் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. நம் வயதில் குனிவது கஷ்டம். முழங்காலும் இடுப்பும் சொன்னபடி கேட்பதில்லை. லாச்சியை இழுத்தால் சாமான் நம்மைத் தேடி வருகிறது, நாம் உள்ளே ஊர்ந்து போகத் தேவையில்லை. புழுதி குறைவு. வெளியே இழுத்த லாச்சியின் மேல் ஒரு பலகையை வைத்தால் தேத்தண்ணி ஊற்ற மேசை ஆகிவிடும். மாதக்கணக்கில் பயணம் செய்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. அவர்கள் போடட்டும். ஆனால் வெளியே இழுத்த நிலையிலும் பூட்டிக்கொள்ளும் வகையாகப் பாருங்கள். சரிவில் நிறுத்தியிருக்கும்போது 50 கிலோ லாச்சி தானாக ஓடிவந்து கணைக்காலில் அடித்தால், அந்தப் பயணம் அன்றோடு முடிந்தது.

பேர்ட்ஸ்வில், ஊட்னடாட்டா, கிப் ரிவர் போன்ற பாதைகளில் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே மண்ணில் விழும் அலைமடிப்புகள் வாகனத்தை மணிக்கணக்கில் உதறும். கிப் ரிவர் பாதை மட்டுமே 660 கிலோமீற்றர். இறுக்கிய நட் எல்லாம் தளரப் பார்க்கும். நைலோன் வைத்த நட் போட வேண்டும். முதல் 500 கிலோமீற்றருக்குப் பிறகு ஒருதரம், பிறகு ஒவ்வொரு மண்பாதை முடிவிலும் லாச்சி, வலை இரண்டின் போல்ட்களையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். காஸ் சிலிண்டரை ஒருபோதும் லாச்சிக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ வைத்துக்கொண்டு போகக் கூடாது. அதற்கு வெளியே காற்றுப்படும் இடம் வேண்டும், நிமிர்த்திக் கட்ட வேண்டும். தீயணைப்புக் குப்பி மட்டும் சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் பூட்டியிருக்கட்டும்.

வருடத்தில் இரண்டு கிழமை மட்டும் போகிறவர்களுக்கு என் ஆலோசனை வேறு. லாச்சி வேண்டாம். வலையைப் போடுங்கள். மூடியுள்ள உறுதியான பிளாஸ்ரிக் பெட்டிகள் ஆறு வாங்குங்கள். சமையல் ஒன்றில், ஆயுதம் ஒன்றில், இப்படிப் பிரித்து மேலே எழுதி ஒட்டுங்கள். பாரமானதை அடியில், வலையோடு ஒட்டி வையுங்கள். தாங்கும் அளவு எழுதப்பட்ட பட்டிகளால், தரையில் உள்ள கொளுவிகளில் இறுக்குங்கள். பயணம் முடிந்ததும் பெட்டிகளைக் கராஜில் இறக்கிவிட்டால், மிச்ச ஐம்பது கிழமையும் 80 கிலோ இரும்பைக் கடைக்கும் கோயிலுக்கும் சுமந்து திரியத் தேவையில்லை. எண்ணெய்க் காசும் மிச்சம்.

லாச்சி வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு, வரிசை இதுதான். முதலில் வாகனத்தை வழமையான ஆட்களோடும் சாமானோடும் பொது எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சிறு கட்டணம்தான். இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்று தாளில் தெரியும். இரண்டாவது, வலையைப் போடுங்கள். அதன்பிறகு மிஞ்சிய எடைக்கும் காசுக்கும் பொருந்தும் லாச்சியைத் தேடுங்கள். உயரம் குறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பயணத்துக்கு முதல்நாள் மறுபடியும் எடை பாருங்கள்.

வலை போட்ட பிறகு அதை யாருக்கும் இழுத்துக் காட்ட முடியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து வியக்கப்போவதும் இல்லை. பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் அது ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கும். அப்படியே நிற்கட்டும். பின்னாசனத்தில் இருக்கும் பேத்திக்கும் பக்கத்தில் இருக்கும் மனைவிக்கும் அது பின்னால் நிற்கிறது என்பது போதும். லாச்சிக்குக் காசு ஒதுக்கிவிட்டு வலையை அடுத்த வருடம் பார்ப்போம் என்று யோசிக்கிறவர்கள், தயவுசெய்து இந்த வருடம் வலையைப் போடுங்கள். லாச்சியை அடுத்த வருடம் பார்க்கலாம்.